கத்தி வெளியே வருமுன்

நான் போலீஸ்காரன் அல்ல, வக்கீலும் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து 1981இல் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு வருடம் தண்டவாளம் பார்த்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்ட ஒருவன் கத்திக்குத்தைப் பற்றியும் போலீஸ் முறைகளைப் பற்றியும் நமது சங்க இதழில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு இங்கே நாகபுரியில், எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையனின் புத்தகப் பையில் மடக்குக் கத்தி ஒன்று அகப்பட்டது. பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். சாதுவான பையன், பொங்கல் விழாவுக்கு நாற்காலி தூக்கிப்போட முதல் ஆளாக வருகிறவன். பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி.யை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்பா பெல்ட்டை எடுத்தார். பிறகு இரவு பத்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து, "சார், நீங்க பெரியவங்க. என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்று கண் கலங்கினார். நானும் பெரிய மனிதத் தோரணையில், "சகவாசம் சரியில்லை தம்பி. கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பிவிடுங்கள், தாத்தா பாட்டியோடு இருக்கட்டும்" என்று யோசனை சொன்னேன். அனுப்பினார்கள். பாடத்திட்டம் மாறி, பள்ளி மாறி, பையனுக்கு ஒரு வருடம் வீணாயிற்று. அந்தக் கத்தியை எதற்கு வைத்திருந்தாய் என்று அவனிடம் யாரும் நிதானமாகக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2023ஆம் வருடக் குளிர்காலத்தில் என் பெண் வீட்டில் தங்குவதற்காக நானும் என் மனைவியும் ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்துக்குப் போயிருந்தோம். இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காத ஊர். ஒருநாள் வாசல் பனியில் வழுக்கி விழுந்து மனைவிக்கு மணிக்கட்டில் அடி. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது, கன்னத்தில் பெரிய கட்டுடன் ஒரு வாலிபனை அழைத்து வந்தார்கள். சற்று நேரத்தில் இளஞ்சிவப்புச் சட்டை போட்ட ஒருவர் வந்து அவன் பக்கத்தில் அமர்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார். டாக்டர் மாதிரியும் தெரியவில்லை, போலீஸ் மாதிரியும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெண்ணிடம் கேட்டேன். "அவங்களுக்கு நேவிகேட்டர்னு பேருப்பா. குத்துப்பட்டு வர்ற பசங்ககிட்ட பேசுறதுதான் அவங்க வேலை. அதுல சில பேர் முன்னாடி அந்த மாதிரி வாழ்க்கையிலேயே இருந்தவங்க" என்றாள். மற்ற நாட்களில் வெளியே போக முடியாத குளிர். உள்ளே உட்கார்ந்து அந்த ஊர்க் கதையைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு காலத்தில் கிளாஸ்கோவின் பெயர் மிகவும் கெட்டுக் கிடந்தது. 2005ஆம் ஆண்டில் பத்திரிகைகள் அதை ஐரோப்பாவின் கொலைத் தலைநகரம் என்றே எழுதின. 2004-05இல் ஸ்காட்லாந்து முழுவதிலுமாக 137 கொலைகள். ஐம்பது லட்சம் பேர் மட்டுமே உள்ள நாட்டுக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. இவற்றில் ஏறக்குறைய பாதி கத்தி போன்ற கூரிய ஆயுதங்களால் நடந்தவை. நகரின் கிழக்குப் பகுதியில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இளைஞர் கோஷ்டிகள் இருந்தன. இவர்கள் பெரிய கடத்தல்காரர்கள் அல்ல. நம்முடைய தெரு, பக்கத்துத் தெரு என்ற சண்டைதான். சாலையைத் தாண்டி அடுத்த பேட்டைக்குப் போனால் அடி விழும். ஆகவே கையில் ஒரு கத்தி. அவனிடம் இருக்கிறது என்பதால் இவன் வைத்திருப்பான். இவனிடம் இருக்கிறது என்பதால் அவன் வைத்திருப்பான். அப்பா காலத்திலும் தாத்தா காலத்திலும் இருந்த அதே கோஷ்டிப் பெயர்கள்!

போலீஸ் சும்மா இருக்கவில்லை. 1993இல் 'ஆபரேஷன் பிளேடு' என்று பெரிய நடவடிக்கை எடுத்தார்கள். தெருவில் நிறுத்திச் சோதனை, கத்தியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்ற அறிவிப்பு, விளம்பரம் எல்லாம் நடந்தன. ஆஸ்பத்திரிக்கு வரும் பலத்த கத்திக்குத்துக் காயங்கள் முதலில் குறைந்தன. பிறகு மீண்டும் ஏறிவிட்டன. 2006இல் மறுபடியும் ஒப்படைப்புத் திட்டம் வந்தது. ஐந்து வாரங்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கத்திகளும் வாள்களும் வந்து குவிந்தன. நல்லதுதான். ஆனால் கத்தி என்பது துப்பாக்கி மாதிரி அல்ல. ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தால் சமையலறை இழுப்பறையில் இன்னொன்று இருக்கும். நம் நாட்டிலும் 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் அதன் விதிகளும் பொதுவாக 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதமாகக் கொள்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழிற்சாலைக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. காய் நறுக்கும் கத்தியைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது. ஒழித்தால் சாம்பார் எப்படி வைப்பது?

மாற்றம் 2005 ஜனவரியில் ஆரம்பித்தது. அன்றைய ஸ்ட்ராத்கிளைடு போலீஸ் துறை, வன்முறைக் குறைப்புப் பிரிவு என்ற ஒன்றைத் தொடங்கியது. இதன் பின்னால் இருந்தவர்கள் இருவர். ஒருவர் கேரின் மெக்கிளஸ்கி என்ற பெண்மணி. நர்ஸாக வேலை பார்த்துவிட்டுப் பிறகு போலீஸ் துறையில் புள்ளிவிவர ஆய்வுக்கு வந்தவர். மற்றவர் ஜான் கார்னகன். பல கொலை வழக்குகளைத் துப்புத் துலக்கிய அனுபவம் வாய்ந்த அதிகாரி. கொலையாளியைப் பிடிப்பதில் அந்தப் போலீஸ் கெட்டிக்காரப் போலீஸ்தான். பிடித்துப் பிடித்தும் அடுத்த கொலை நின்றபாடில்லை. ஆகவே இதை ஒரு தொற்று நோயைப் போலப் பார்க்கலாம் என்று இவர்கள் முடிவு செய்தார்கள். காலரா வந்தால் நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே எந்தக் கிணற்றிலிருந்து பரவுகிறது என்றும் தேடுகிறோம் அல்லவா, அதுபோல. ஆயிரம் போலீசார் வேண்டுமா, வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் பார்க்கும் ஆயிரம் நர்ஸுகள் வேண்டுமா என்று கேட்டால், நர்ஸுகள்தான் வேண்டும் என்று சொன்னவர் கார்னகன். ஒரு கொலை வழக்கு அதிகாரி சொன்னது இது என்பதை நினைவில் வைக்கவும்.

அவர்கள் செய்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது 2008 அக்டோபரில் நடந்த ஒரு கூட்டம். கிளைடு ஆற்றங்கரையில் ஷெரிஃப் கோர்ட் என்ற பெரிய நீதிமன்றக் கட்டடம் இருக்கிறது. பின்னர் ஒரு நாள் வெயில் தலைகாட்டியபோது போய் வெளியே நின்று பார்த்தேன். அதற்குள்ளே கிழக்குப் பகுதிக் கோஷ்டிகளைச் சேர்ந்த இளைஞர்களைப் பார்வையாளர்களாக வரவழைத்தார்கள். கைது செய்து அல்ல, அழைப்பு அனுப்பி. ஒன்றோடொன்று பகையான கோஷ்டிகளை ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்க எவ்வளவு போலீஸ் காவல் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் போலீஸ் அதிகாரி பேசினார். உங்கள் பெயர், உங்கள் கோஷ்டி, நீங்கள் கூடும் இடம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். இனி ஒருவன் குத்தினால் அந்தக் கோஷ்டி முழுவதன் மீதும் எங்கள் கவனம் திரும்பும் என்பது அவர் சொன்னதன் சாரம். அடுத்து அறுவைசிகிச்சை டாக்டர் எழுந்து, கிழிந்த முகத்தைத் தைப்பது என்றால் என்ன என்று விவரித்தார். பிறகு ஒரு தாய், தன் மகனுக்கு நேர்ந்ததைச் சொன்னார். போலீஸ் மிரட்டலுக்கு அசையாதவர்கள்கூட அந்தத் தாய் பேசும்போது தலை குனிந்துவிட்டதாகப் படித்தேன். கடைசியாக ஒரு தொலைபேசி எண் கொடுக்கப்பட்டது. வன்முறையை விடத் தயார் என்றால் இந்த எண்ணைக் கூப்பிடு. படிப்பு, வேலைப் பயிற்சி, குடிப்பழக்கத்துக்கு மருத்துவம், எது தேவையோ அதற்கு ஒருவர் உன்னோடு நிற்பார் என்றார்கள். பல நூறு இளைஞர்கள் சேர்ந்தார்கள்.

இது கிளாஸ்கோவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் போலீசார், டேவிட் கென்னடி போன்ற ஆய்வாளர்களோடு சேர்ந்து, 1996இல் துப்பாக்கிக் கோஷ்டிகளுக்காகச் செய்த திட்டம். அங்கே இளைஞர் கொலைகள் மாதச் சராசரியில் 63 சதவீதம் குறைந்தன என்று கணக்கிட்டார்கள். கிளாஸ்கோ அதைத் தன் கத்திக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, திட்டத்தில் சேர்ந்தவர்களிடையே ஆயுதம் வைத்திருந்த குற்றம் 84 சதவீதம் குறைந்தது. அதே வயதுள்ள, திட்டத்தில் சேராத இளைஞர்களிடம் 40 சதவீதம் குறைந்தது. அதாவது, ஊரே மாறிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. திட்டம் கூடுதலாகக் கை கொடுத்தது என்பதும் உண்மை. முழுப் புகழையும் கூட்டத்துக்கே கொடுத்துவிடக் கூடாது. தவிர, அதற்கான பணம் மூன்று வருடத்துக்குத்தான் இருந்தது. 2011இல் அந்தத் திட்டம் முடிந்துவிட்டது. நல்ல திட்டங்கள் நின்றுபோகும் விதம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஆனால் வன்முறைக் குறைப்புப் பிரிவு நிற்கவில்லை. 2006லேயே அது ஸ்காட்லாந்து முழுமைக்குமான பிரிவாக்கப்பட்டது. பள்ளிகளில் டாக்டர்கள் வந்து பேசினார்கள். 2015 முதல் ஆஸ்பத்திரிகளில் அந்த இளஞ்சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். காயம்பட்டுக் கிடக்கும் நேரத்தில்தான் ஒருவன் பிறர் சொல்வதைக் கேட்கத் தயாராக இருப்பான். பழி வாங்கும் திட்டமும் அப்போதுதான் மனதில் உருவாகும். இரண்டுக்கும் நடுவே போய் உட்காருவதே அவர்கள் வேலை. 137 ஆக இருந்த கொலை எண்ணிக்கை 2022-23இல் 52.

இதைப் படித்தபோது எனக்கு என் பழைய உத்தியோகம்தான் ஞாபகம் வந்தது. தண்டவாளம் முறிந்த பிறகு ஓடிப்போய்ச் சரிசெய்வது ஒரு வேலை. அதைச் செய்தால் பேப்பரில் படம்கூட வரும். முறியாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. குளிர்காலத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு இரும்பு சுருங்கி வெல்டு விடும் நேரத்தில், லாந்தரும் சுத்தியலுமாக நடக்கும் ரோந்து ஆளை யாரும் படம் எடுப்பதில்லை. அல்ட்ராசானிக் கருவி வைத்துத் தண்டவாளத்தின் உள்ளே விரிசல் பார்ப்போம். மோசமான விரிசல் என்றால் உடனே எடுத்துவிட வேண்டும். சின்ன விரிசல் என்றால் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டு, கண்காணிப்பில் வைப்போம். சின்ன விரிசல் உள்ளதையெல்லாம் பிடுங்கி எறிந்தால் ரயிலே ஓடாது. அந்தப் பையனைப் பிடுங்கி ஊருக்கு அனுப்பியபோது இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றும் எனக்கு வருத்தம்.

விரிசல் எங்கே என்று தெரிந்தால்தானே பெயிண்ட் அடிப்பது? வேல்ஸ் நாட்டிலுள்ள கார்டிஃப் நகரத்தில் முகத்துக்கு அறுவைசிகிச்சை செய்யும் ஜொனாதன் ஷெப்பர்டு என்ற பேராசிரியர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பகுதியினர் போலீசில் புகார் கொடுப்பதே இல்லை. பயம், அல்லது தானும் ஏதோ செய்திருப்பான். ஆக, போலீஸ் வைத்திருக்கும் வரைபடம் பாதி காலி. அவர் என்ன செய்தார் என்றால், ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் மூன்று கேள்விகள் கேட்க ஏற்பாடு செய்தார்: எங்கே நடந்தது, எப்போது, எந்த ஆயுதம்? பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு அந்த விவரம் மட்டும் போலீசுக்கும் மாநகராட்சிக்கும் போகும். எந்த மதுக்கடை வாசலில், சனிக்கிழமை இரவு எத்தனை மணிக்கு என்பது வரை தெரியவந்தது. ரோந்து அந்த இடத்துக்குப் போயிற்று. மதுக்கடைகளில் உடைந்தால் கூரான துண்டாகாத கண்ணாடி டம்ளர்கள் வந்தன. இதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டு 2011இல் வெளியிட்ட ஆய்வில், வன்முறைக் காயத்தால் ஆஸ்பத்திரியில் சேருவது 42 சதவீதம் குறைவாக இருந்தது. செலவு என்று பார்த்தால், வரவேற்பு மேஜையில் ஒரு நிமிடம்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் 1980களில் கணக்கெடுத்தபோது, ஊரின் மொத்த முகவரிகளில் சுமார் 3 சதவீதத்திலிருந்துதான் போலீசுக்கு வரும் அழைப்புகளில் பாதி வருகிறது என்று கண்டார்கள். அந்த இடங்களில் நாள் முழுக்க ஆள் போடத் தேவையில்லை. ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நேரம் மாற்றி மாற்றி வந்து நின்றுவிட்டுப் போனால் அதன் பலன் போன பிறகும் சிறிது நேரம் நிற்கிறது. எங்கள் கீமேனுக்கு அவனுடைய ஆறு கிலோமீட்டரில் எந்த ஜாயிண்ட் தொந்தரவு பிடித்தது என்று தெரியும். அங்கே அவன் சுத்தியல் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்படியானால் எல்லா இளைஞர்களையும் நிறுத்திப் பையைச் சோதித்துவிடலாமே" என்று சிலர் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். லண்டனில் 2008இல் 'ஆபரேஷன் பிளண்ட் 2' என்ற பெயரில் அப்படித்தான் செய்தார்கள். சந்தேகம் எதுவும் இல்லாமலே யாரையும் சோதிக்கலாம் என்ற அதிகாரத்தின் கீழ், சில வட்டாரங்களில் சோதனைகள் பல மடங்கு கூடின. 2016இல் அந்நாட்டு உள்துறை வெளியிட்ட ஆய்வு, அதிகமாகச் சோதித்த வட்டாரங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே குற்றக் குறைவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காண முடியவில்லை என்று கூறியது. ஸ்காட்லாந்திலும் "சம்மதத்தின் பேரில்" என்று சொல்லிச் சிறுவர்களைக்கூட நிறுத்திச் சோதித்துவந்தார்கள். போலீஸ்காரர் கேட்டால் எந்தச் சிறுவன் மாட்டேன் என்பான்? அதற்கு எதிர்ப்பு வலுத்து, 2017இல் அந்த முறையை நிறுத்தி, நியாயமான சந்தேகம் இருந்தால்தான் சோதனை என்று விதி வகுத்தார்கள்.

என் தண்டவாள உவமை இந்த இடத்தில் உடைந்துவிடுகிறது. தண்டவாளத்தை நூறு தடவை சோதித்தாலும் அதற்குக் கோபம் வராது, அவமானம் தெரியாது. பையனுக்குத் தெரியும். காரணமில்லாமல் நாலு பேர் பார்க்க நிறுத்தப்பட்டவன், நாளைக்கு ஒரு குத்தைக் கண்ணால் பார்த்தாலும் போலீசிடம் வந்து சொல்ல மாட்டான். தகவல் வரும் வாய்க்கால் அடைபட்டுப்போனால் முன்கூட்டித் தடுப்பது எப்படி? இதற்காகச் சோதனையே வேண்டாம் என்பதில்லை. ஸ்காட்லாந்தில் கத்தி வைத்திருப்பதற்கான அதிகபட்சத் தண்டனையை 2006இல் இரண்டு வருடத்திலிருந்து நான்காகவும், பின்னர் ஐந்தாகவும் உயர்த்தினார்கள். கண்டிப்பும் இருந்தது, கதவும் திறந்திருந்தது.

நம் மகாராஷ்டிரத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அது கத்திக்காக அல்ல, கலவரத்துக்காக. 1984இல் பெரும் கலவரத்தைக் கண்ட பிவண்டியில், சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி 1988 முதல் மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். இரு சமூகத்தாரும் போலீசாரோடு தவறாமல் உட்கார்ந்து பேசினார்கள். 1992-93இல் பம்பாய் பற்றி எரிந்தபோது, பக்கத்திலிருந்த பிவண்டி அமைதியாக இருந்தது. ஆக, வெள்ளைக்காரனுக்குத்தான் இதெல்லாம் வரும் என்று நினைக்க வேண்டாம்.

ஊர் திரும்பியதும் அந்தப் பையனைப் பார்த்தேன். இப்போது கல்லூரியில் படிக்கிறான். காபி கொடுத்து உட்கார வைத்து, "தப்பா நினைக்காதேப்பா, அன்னிக்குக் கேட்டிருக்கணும். எதுக்கு அந்தக் கத்தி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "டியூஷன் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புக்கு வர்ற சந்து இருக்கில்ல தாத்தா, அங்க லைட்டு கிடையாது. நாலு பசங்க நின்னுட்டு இருப்பாங்க. ஒரு தடவை போனைப் பிடுங்கிட்டாங்க. அப்பா தவணையில வாங்கிக் கொடுத்த போன். தொலைஞ்சு போச்சுன்னு வீட்ல பொய் சொல்லிட்டேன். அடுத்த தடவை என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். அந்தச் சந்து இருநூறு மீட்டர்கூட இருக்காது. கம்பத்தில் ஒரு விளக்கு. எட்டு மணிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் ஒரு போலீஸ் மோட்டார்சைக்கிள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு வருடம் போயிற்று.

சங்கத்தின் செயற்குழுவில் பேசி ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய் வரும் வழியில் எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் பயமாக இருக்கிறது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டாம். அவர்கள் எழுதும்போது தயவுசெய்து பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். தமிழிலோ ஹிந்தியிலோ மராத்தியிலோ, எதில் வேண்டுமானாலும் எழுதலாம். சங்க நூலகத்தில் பேப்பர் மேஜைக்குப் பக்கத்தில் பூட்டிய பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் நான் அவற்றைப் பார்த்து வட்டார வரைபடத்தில் குறிக்கிறேன். பிறகு இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து காவல் நிலையத்துக்கும் மாநகராட்சி விளக்குப் பிரிவுக்கும் கொண்டு போவோம். மராத்தி நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் உடன் வந்தால் உதவியாக இருக்கும்.